ஐலண்ட் பீக்கில் கயிற்றின் முன்முனை: 6,000 மீட்டர் சிகரத்தில் வழிகாட்டியின் வேலை

நேபாளத்தின் கும்பு பகுதியில், இம்ஜா ஏரிக்கு மேலே நிற்கிறது இம்ஜா ட்சே. எல்லோர் வாயிலும் அது ஐலண்ட் பீக். உயரம் 6,189 மீட்டர். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து பழகியவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் இந்தச் சிகரத்தைத்தான். ‘டிரெக்கிங் பீக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் நடந்தே ஏறிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் நிறைய. இங்கே பனிப்பிளவுகள் உண்டு. 45 பாகை சாய்வில் நிமிர்ந்து நிற்கும் பனிச்சுவர் உண்டு. அதற்கு மேல் இருபுறமும் சரியும் ஒடுங்கிய முகடு உண்டு.

அடிப்படை, மேல்நிலைப் பயிற்சிகளை முடித்துவிட்டு உதவி வழிகாட்டியாக வேலைக்குப் போகப்போகிறவர்களுக்காக இது. ஏறப்போகிறவர்களும் படிக்கலாம், தங்கள் வழிகாட்டி ஏன் ஒவ்வொன்றையும் இப்படிச் செய்கிறார் என்பது விளங்கும். இந்தியாவில் டார்ஜிலிங் (1954இல் தொடங்கியது), உத்தர்காசி (1965) போன்ற மலையேற்றப் பயிற்சி நிலையங்களில் சுமார் நான்கு வாரம் அடிப்படை வகுப்பு, அதில் ‘ஏ’ தரம் வாங்கினால் மேல்நிலை, பிறகு பயிற்றுநர் வகுப்பு, தேடல்-மீட்பு வகுப்பு என்று படிகள் இருக்கின்றன. அங்கே உங்கள் உயிரை நீங்கள் காத்துக்கொள்ளக் கற்கிறீர்கள். கயிற்றில் இன்னொருவரைக் கட்டிக்கொண்ட நிமிடத்திலிருந்து கணக்கு மாறுகிறது. கூட வருபவர் தீர்ந்துபோகும் நேரத்தில் உங்களிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நேரம், கயிறு, சுடுநீர், கையுறை, உடம்பு வலு எதுவானாலும் உங்கள் தேவைக்கு மேல் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

நாம்ச்சேயிலேயே மூட்டையைப் பிரியுங்கள்

சாமான் சோதனையை அடிவார முகாமில் வைத்துக்கொண்டால் பிழையைக் கண்டுபிடிக்கலாம், திருத்த முடியாது. நாம்ச்சே பஜாரில் (3,440 மீ.) வாடகைக்கும் விலைக்கும் கடைகள் இருக்கின்றன. ஆகவே அங்கே, விடுதி அறையில், ஒவ்வொருவருடைய பையையும் கட்டில்மேல் கொட்டச் சொல்லுங்கள்.

முதலில் காலணி. இரட்டை அடுக்குக் காலணிக்குள் கனத்த காலுறை போட்டபின்னும் கால்விரல்களை மடக்கி நீட்ட இடம் வேண்டும். இறுக்கமான காலணியும் இரண்டு ஜோடிக் காலுறையும் சேர்ந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் உறையும். கதகதப்புக்கு என்று இரண்டாவது ஜோடி மாட்டுவது பலரும் செய்கிற தவறு. அடுத்து கிராம்பான், அதாவது பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் முள்தகடு. அதைக் காலணியில் பொருத்தி, வாரைக் கட்டாமல், காலணியைக் கையில் தூக்கி உதறிப் பாருங்கள். கழன்று விழுந்தால் நீளம் சரியில்லை. அடிப்பக்கம் பனி ஒட்டாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தகடு இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் நண்பகல் ஈரப்பனி கட்டியாகத் திரண்டு, முட்கள் பனியைத் தொடவே தொடாது. இறங்கும்போது கால் வழுக்குவதற்கு இது முக்கியக் காரணம்.

வெயில் கண்ணாடி நான்காம் வகையாக (மிகக் கருமையானது), பக்கங்களும் மூடியதாக இருக்கட்டும். கையுறை மூன்று அடுக்கு: மெல்லியது, வேலைக்கானது, பெரிய மிட்டன் (விரல்கள் பிரியாத உறை). வழிகாட்டியின் பையில் இவற்றைத் தவிர ஒரு மிட்டன் ஜோடியும் ஒரு கண்ணாடியும் கூடுதலாகக் கிடக்க வேண்டும். பனிச்சுவரில் யாராவது ஒருவர் கையுறையைப் பறக்கவிடுவார்.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருபவர் தடித்த கையுறையோடு எதையும் செய்து பழகியிருக்க மாட்டார். அவரிடம் ஒரு பூட்டுள்ள காரபைனரை (கயிற்றில் மாட்டும் உலோக வளையம்) கொடுத்து, கையுறை மாட்டிய கையால் இருபது முறை மாட்டிக் கழற்றச் சொல்லுங்கள். தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இந்தப் பயிற்சி, மேலே அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

உயரத்தைப் பழக்குவது

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். இதற்கு உடம்பு நாள்கணக்கில்தான் பழகும், மனவலுவால் ஒன்றும் ஆகாது. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இரண்டாவது இரவு. லுக்லாவில் (2,860 மீ.) விமானத்தில் வந்திறங்கி ஃபாக்டிங், நாம்ச்சேயில் இரண்டு இரவு, தெங்போச்சே (3,860), டிங்போச்சேயில் (4,410) இரண்டு இரவு, சுக்குங்கில் (4,730) இரண்டு இரவு, அங்கிருந்து ஒரு பகலில் 5,550 மீட்டர் சுக்குங் ரி ஏறி இறங்கல், பிறகுதான் சுமார் 5,090 மீட்டரில் உள்ள அடிவார முகாம். ஃபாக்டிங்கிலிருந்து நாம்ச்சே ஒரே தாவலில் 800 மீட்டருக்கு மேல் கூடுகிறது, தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சே 550 மீட்டர், அதனால்தான் இந்த இரண்டு இடத்திலும் இரண்டு இரவு. விமானம் தாமதமாகி நாள் குறைந்தால் பலரும் முதலில் வெட்டுவது இந்த இரண்டாவது இரவுகளைத்தான். அதைச் செய்வதைவிடச் சிகரத்தை விட்டுவிட்டு அடிவார முகாம்வரை போய்த் திரும்புவது மேல்.

காலையில் ஆளைப் பாருங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம். நேற்று கலகலப்பாகப் பேசியவர் இன்று மூலையில் உட்கார்ந்திருக்கிறாரா, தட்டில் பாதிச் சோறு மிஞ்சியதா, காலணி நாடாவைக் கட்டத் தடுமாறுகிறாரா. பிறகு நான்கு கேள்விகள்: தலைவலி, வயிற்றுக் குமட்டல், அசதி, தலைசுற்றல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலியோடு சேர்ந்து மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அது மலைநோய். அவர் அன்று மேலே போகக்கூடாது. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரைத் தனியாக நம்பவேண்டாம். குளிர்ந்த விரலும் நகச்சாயமும் பொய்யான எண்ணைக் காட்டும்.

முன்தடுப்புக்கு அசிட்டசோலமைடு 125 மி.கி. காலை, இரவு என்பது வழக்கமான அளவு. ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு, சல்ஃபா ஒவ்வாமை இல்லை என்று உறுதிசெய்து, ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். விரல்நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். இது தெரியாதவர் மேலே வந்து பயந்துபோவார்.

ஒத்திகை

உச்சிக்கு முந்தைய பகலில் அடிவார முகாமுக்கு அருகே ஒரு சரிவில் 30 மீட்டர் கயிற்றை இரண்டு ஆங்கர்களில் (கயிற்றைத் தாங்கும் பிடிமானங்கள்) கட்டுங்கள். ஏறுதல், நடு ஆங்கரைக் கடத்தல், இறங்குதல் மூன்றையும் முழு உடுப்போடு, ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் வார்), ஹெல்மெட், பெரிய கையுறையோடு செய்யவேண்டும். ஆங்கர் கடத்தலை மட்டும் பத்துமுறை. “எனக்குத் தெரியும், வீட்டுப் பக்கத்தில் பாறை ஏறுகிறேன்” என்பவரையும் விடாதீர்கள். பாறை ஏறுபவர்களுக்கு முடிச்சு தெரியும், ஜூமாரை (கயிற்றில் மேலே நகர்ந்து, கீழே வழுக்காமல் பிடிக்கும் கருவி) தொட்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஒத்திகையில் ஒருவர் திணறினால் அன்றே அவரைத் தனியே அழைத்து, நாளை பனியாற்றின் ஓரம்வரை மட்டும் என்று பேசி முடிவுசெய்யுங்கள். அதிகாலை இருட்டில், மற்றவர்கள் முன்னால் சொன்னால் அது அவமானமாகிவிடும், ஆள் முரண்டுபிடிப்பார்.

நேரத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள்

முகாமிலிருந்து உச்சி 1,100 மீட்டர். இந்த உயரத்தில் சாதாரண ஆள் மணிக்கு 150 மீட்டர் ஏறினால் நல்ல நடை. ஏழரை மணிநேரம், வரிசையில் நிற்பதற்கு இன்னும் கொஞ்சம். இறங்க நான்கைந்து மணிநேரம். பிற்பகலில் மேகமும் காற்றும் கூடும், வெயில் பட்ட பனி இளகும், மேலிருந்து கல் உதிரும். ஆகவே இரவு 1 மணிக்குக் கிளம்புங்கள்.

அதிகாலை 5:30க்குள், சுமார் 5,750 மீட்டரில் கிராம்பான் மாட்டும் இடம். 7:15க்குள் பனிச்சுவரின் அடி. 9 மணிவாக்கில் உச்சி. 10 மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்பல். இவற்றில் நாங்கள் மிகவும் பிடிவாதமாக இருப்பது நடு எண்ணில்: 7:15 தவறி, எட்டு மணிக்கும் சுவரின் அடியில் இல்லாதவர் சுவரில் ஏறக்கூடாது. சுவரில் ஏறிய பிறகு ஒருவரைத் திருப்புவது பத்து மடங்கு கடினம், கயிற்றில் மேலும் கீழும் ஆள் தொங்கிக்கொண்டிருப்பார்கள். அக்டோபர், நவம்பரில் நெரிசல் கூடுதல் என்பதால் அந்த மாதங்களில் அரைமணி முன்னதாகவே கிளம்பலாம்.

முந்தைய மாலை இந்த நேரங்களை எல்லோருக்கும் சொல்லி, வாய்விட்டு ஒப்புக்கொள்ள வையுங்கள். மேலே மூளைக்குக் காற்று குறைந்திருக்கும்போது புதிதாக எதையும் விவாதிக்க முடியாது. கீழே சொன்னதை நினைவூட்ட மட்டும் முடியும்.

காற்றுக்கும் இதேபோல ஓர் எல்லை வேண்டும். உச்சி உயரத்துக்கான முன்னறிவிப்பில் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் இருந்தால் சாதாரணக் குழுவோடு போகவேண்டாம். வெப்பநிலை மைனஸ் 15 என்று வைத்துக்கொண்டாலும் 30 கி.மீ. காற்றிலேயே தோலுக்கு அது மைனஸ் 26 போல உறைக்கும். புதுப்பனி விழுந்திருந்தால் குறைந்தது ஒரு முழுநாள் காத்திருங்கள். 30 முதல் 45 பாகை சாய்வுகளில்தான் பனிச்சரிவு அதிகம் கிளம்பும். இந்தச் சுவரின் சாய்வும் அதற்குள்ளேயே வருகிறது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில் உத்தர்காசி நிலையத்தின் மேல்நிலை வகுப்பைப் பனிச்சரிவு வாரிக்கொண்டதில் 27 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் தேர்ந்த பயிற்றுநர்களும் இருந்தார்கள்.

இருட்டில் முதல் நான்கு மணிநேரம்

முதல் பகுதி கல்லும் சரளையும். முதல் அரைமணி, பின்னால் வருபவர்கள் “இவ்வளவு மெதுவாகவா” என்று முணுமுணுக்கும் அளவுக்கு நடங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரி. ஒவ்வோர் அடியிலும் பின்காலின் முட்டியை நேராகப் பூட்டி, எடையை எலும்பின்மேல் ஒரு கணம் இறக்கி வைத்து, பிறகு அடுத்த கால். தொடைத் தசைக்கு அந்த ஒரு கணம் ஓய்வு கிடைக்கும், ஏழு மணிநேரத்தில் அது பெரிய சேமிப்பு.

ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நில்லுங்கள், உட்கார வேண்டாம். நிற்கும்போது முதலில் கதகதப்புச் சட்டை, பிறகு தண்ணீர், பிறகு தின்பண்டம், இந்த வரிசையில். ஆளுக்கு இரண்டு லிட்டர் சூடான நீர், அதில் ஒன்றாவது ஃபிளாஸ்கில். மற்ற போத்தலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல்மட்டத்தில்தான் படியும், நிமிர்த்தும்போது அது அடிப்பக்கம் போய்விடும், மூடி உறையாது. குழாய் வைத்த நீர்ப்பை இங்கே வேண்டாம், குழாய் அரைமணியில் அடைத்துக்கொள்ளும். தலைவிளக்கின் மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் “கால்விரலில் உணர்வு தெரிகிறதா” என்று கேளுங்கள். “வலிக்கிறது” என்றால் கவலைப்பட நேரம் இருக்கிறது. “இப்போது வலி போய்விட்டது, ஒன்றும் தெரியவில்லை” என்றால் உடனே காலணியைக் கழற்றி, காலை இன்னொருவரின் வயிற்றோடு வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்காதீர்கள். சூடேறி உணர்வு வந்தாலும் அவருக்கு அன்றைய ஏற்றம் அத்துடன் முடிந்தது. ஒருமுறை உருகிய விரல் மறுபடி உறைந்தால் சேதம் பலமடங்கு.

பனியாற்றில் கயிறு

ஒரு வழிகாட்டிக்கு இரண்டு பேர் என்ற விகிதத்தைத் தாண்ட வேண்டாம். ஆல்ப்ஸ் மலையில் மான்ட் பிளாங்கின் வழக்கமான பாதையிலும் இதே விகிதம்தான். அதே ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்னில் ஒருவருக்கு ஒருவர்.

50 மீட்டர் கயிற்றில் மூவர் என்றால் உங்களுக்கும் அடுத்தவருக்கும் இடையே 12 மீட்டர், அவருக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 8 மீட்டர். மீதி 30 மீட்டர் உங்களிடம்: சில சுற்று தோளில், மற்றது பையில். ஏன் 30? பனிப்பாலம் (பிளவை மேலே மூடியிருக்கும் பனி) உடைந்து உங்கள் பின்னால் வருபவர் விழுந்தால் அவர் உங்களிடமிருந்து 12 மீட்டர் தூரத்தில் தொங்குவார். அவருக்கு ஒரு வளையத்தை இறக்கித் தூக்க வேண்டுமானால் போக 12, வர 12, ஆங்கருக்கும் முடிச்சுக்கும் இன்னும் சில மீட்டர். மிச்சக் கயிறு 20 மீட்டர்தான் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். இடைவெளியைக் கூட்ட ஆசைப்பட்டு மிச்சத்தைக் குறைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நடு ஆளுக்கு, கயிற்றின் நடுவே வளையம் தரும் ஆல்பைன் பட்டர்ஃபிளை முடிச்சு, இரண்டு காரபைனரை எதிரெதிராக மாட்டி. கயிறு பனியை லேசாக உரசும் அளவுக்கு இழுவையில் இருக்கட்டும். கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பது கண்டிப்பாகக் கூடாது. இரண்டு மீட்டர் தளர்வு இருந்தால் விழுபவர் அந்த இரண்டு மீட்டரும் வேகமெடுத்த பிறகுதான் கயிறு இறுகும், பிடிப்பவரையும் சேர்த்து இழுத்துவிடும். பிளவுகளைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கவேண்டும். பிளவின் ஓட்டத்தோடு சேர்ந்து நடந்தால் மூவரும் ஒரே பிளவின்மேல் நிற்கக்கூடும். பனியில் மங்கலான, லேசாகத் தாழ்ந்த கோடு தெரிந்தால் ஐஸ் ஆக்ஸின் (பனிக்கோடரி) தண்டைக் குத்திப் பாருங்கள். தண்டு சீராக எதிர்ப்புக் காட்டி இறங்கினால் கெட்டியான பனி, திடீரென்று வழிவிட்டால் உள்ளே வெற்றிடம். சில பருவங்களில் பெரிய பிளவுகளின்மேல் அலுமினிய ஏணி போட்டிருப்பார்கள். அதில் கிராம்பானின் முன்முட்களுக்கும் பின்முட்களுக்கும் நடுவே ஏணிப்படி வரும்படி கால் வைக்கச் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.

ஒருவர் விழுந்துவிட்டார் என்றால் மற்ற இருவரும் அந்தக் கணமே படுத்து, ஆக்ஸை நெஞ்சுக்குக் கீழே குத்தி, கிராம்பான் முட்களை ஊன்ற வேண்டும். நின்றுகொண்டு யாரும் பிடிக்க முடியாது. பாரம் நின்றதும், அடுத்தவர் பாரத்தைத் தாங்க, வழிகாட்டி பனியில் ஒரு ‘டி’ வடிவக் குழி வெட்டுகிறார்: 40 முதல் 50 செ.மீ. ஆழம், இழுவைக்குக் குறுக்காக. 60 செ.மீ. நீள அலுமினிய ஸ்னோ பிக்கெட்டையோ (பனியில் புதைக்கும் முளை) ஆக்ஸையோ அதில் படுக்கவைத்து, நடுவில் ஸ்லிங் (வளையமான வார்) கட்டி, ஸ்லிங் வெளியேறும் பள்ளத்தையும் சாய்வாக வெட்ட வேண்டும். பள்ளத்தை வெட்டாமல் விட்டால் ஸ்லிங் மேல்நோக்கி இழுத்து பிக்கெட்டைப் பிடுங்கிவிடும். புதிதாகக் கற்றவர்கள் மிகவும் தவறுவது இங்கேதான். பாரம் விழுந்தால் பெரிய கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் 6 மி.மீ. ப்ருசிக் கயிற்றால் பாரத்தை ஆங்கருக்கு மாற்றி, மெதுவாக இறக்கிப் பாருங்கள், ஆங்கர் அசைகிறதா என்று. அசையவில்லை என்றால் பிளவின் விளிம்புக்கு, நீங்களும் கட்டிக்கொண்டு, போங்கள். அவரோடு பேசுங்கள். விளிம்பில் கயிறு பனியை அறுத்துக்கொண்டு உள்ளே புதைந்திருக்கும், பனியை வெட்டி ஒரு ஆக்ஸையோ பையையோ கயிற்றுக்கு அடியில் செருகி அதையும் ஆங்கரில் கட்டுங்கள்.

அவருக்குக் கை வேலை செய்தால் மிச்சக் கயிற்றில் கப்பி மாட்டிய வளையத்தை இறக்குங்கள். அவர் அதைத் தன் ஹார்னஸில் மாட்டிக்கொண்டு ஒரு பக்கக் கயிற்றைத் தானும் இழுக்கலாம். நினைவிழந்தவர் என்றால் 3:1 இழுவை, அதாவது கயிற்றை மடக்கி ஓட்டி இழுக்கும் பலத்தை மூன்று பங்காக்கும் அமைப்பு. ஏட்டில் மூன்று பங்கு என்று இருந்தாலும் கப்பி இல்லாமல் வெறும் காரபைனரில் ஓடினால் உராய்வு போக இரண்டு பங்குக்கும் குறைவாகவே கிடைக்கும். ஒரு சின்னக் கப்பி நூறு கிராம்கூட இருக்காது, அதை எடுத்துவராததற்கு ஒரு காரணமும் கிடையாது.

பனிச்சுவர்

இங்கே பெரும்பாலும் ஏற்கெனவே கயிறு கட்டியிருக்கும். அதில் இந்தப் பருவத்தது எது, போன வருடத்தது எது என்று கண்டுபிடிப்பது உங்கள் முதல் வேலை. பழையது வெளுத்து, தொட்டால் விறைப்பாக, மேலுறை பஞ்சுபிரிந்து இருக்கும். ஆங்கரைப் பார்க்காமல் பாரம் போடாதீர்கள். ஐஸ் ஸ்க்ரூ (ஆங்கராகப் பனிக்கட்டிக்குள் திருகும் ஆணி) உலோகம் என்பதால் வெயிலை வாங்கிச் சுற்றியுள்ள பனியை உருக்கிக்கொண்டே இருக்கும். காலையில் கெட்டியாக இருந்தது நண்பகலில் விரலால் சுழலும். ஸ்க்ரூவின் தலையைப் பனியால் மூடிவிட்டுப் போனால் இறங்கும்போது உதவும்.

ஹார்னஸிலிருந்து இரண்டு வார்கள்: ஒன்றில் ஜூமார், மற்றதில் பூட்டுள்ள பாதுகாப்புக் காரபைனர். ஜூமார் வார், கையை நீட்டினால் எட்டும் நீளத்துக்குள் இருக்கவேண்டும். அதைவிட நீண்டால், தொங்கும்போது ஜூமார் கைக்கு எட்டாமல் மேலே நின்றுவிடும், அவரை இறக்க நீங்கள்தான் ஏறிப்போக வேண்டியிருக்கும். ஆங்கர் வந்ததும் முதலில் பாதுகாப்புக் காரபைனரை முடிச்சுக்கு மேலே மாற்றிப் பூட்டு, பிறகு ஜூமார். இரண்டும் ஒரே நேரத்தில் கயிற்றைவிட்டு வெளியே இருக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்: “காரபைனர், பூட்டு, ஜூமார்.” இரண்டு ஆங்கருக்கு இடையே ஒரே ஒருவர்.

ஜூமாரின் பற்களில் பனி அடைந்தால் அது கயிற்றில் வழுக்கும். பழைய பல்துலக்கும் தூரிகை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். கயிறு பக்கவாட்டில் சாய்ந்து போகும் இடங்களில் ஜூமார் திருகிக் கழன்றுவிடக்கூடும். மேல் துளையில் ஒரு காரபைனரைக் கயிற்றையும் சேர்த்து மாட்டினால் கழலாது. கையால் இழுத்து ஏறுபவர் இருபது மீட்டரில் களைத்துவிடுவார். காலால் உதைத்து நின்று, ஜூமாரைத் தள்ளி, மூச்சுவிட்டு, மறுபடி கால்.

முகட்டில் படம் எடுக்கும் ஆசையில் வாரைக் கழற்றுபவர்கள் உண்டு. உச்சியில் இடம் குறைவு. முதலில் ஆளைக் கட்டுங்கள், பிறகு கேமரா. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

இறங்குவது

1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹார்னை முதன்முதலாக ஏறிய எழுவரில் நால்வர் இறங்கும்போது இறந்தார்கள். கால் நடுங்கிய இளைஞருக்குக் கீழே தேர்ந்த வழிகாட்டி போய்க்கொண்டிருந்தார். இளைஞர் வழுக்கி அவர்மேலேயே மோதினார். கயிற்றின் பலவீனமான பகுதி அறுந்தது. அனுபவம் குறைந்தவர் கீழே, வழிகாட்டி மேலே, இடையே கயிறு இறுக்கமாக என்ற வரிசை இதனால்தான். உதவி வழிகாட்டி இருந்தால் அவர் முதலில் இறங்கிக் கீழ் ஆங்கரில் காத்திருக்கலாம்.

எட்டு வடிவ இறங்குகருவியைக் காரபைனரிலிருந்து முழுதாகக் கழற்றிக் கயிற்றில் கோப்பவர்கள் அதைக் கீழே போட்டுவிடுகிறார்கள். பெரிய துளையைக் காரபைனரில் மாட்டியபடியே கயிற்றைக் கோத்து, பிறகு சின்னத் துளைக்கு மாற்றினால் அது எந்த நேரத்திலும் கையைவிட்டுப் போகாது. சுவரில் ஏற்கெனவே கட்டியிருக்கும் நிலைக்கயிறுகள் மெலிதானவை, உராய்வு குறைவு. கருவிக்குக் கீழே ப்ருசிக் சுற்று ஒன்று தொடை வாரில் கட்டாயம், கயிற்றின் நுனியில் முடிச்சு கட்டாயம். நீண்ட தலைமுடி, கழுத்துத்துணி, தளர்ந்த பை வார் எல்லாவற்றையும் உள்ளே திணியுங்கள், கருவி அவற்றை இழுத்துக்கொண்டு பூட்டிவிடும். கயிறு இரண்டு பக்கமும் இறுக்கமாகக் கட்டியிருந்தால் கருவிக்குள் மடக்கவே முடியாது. அந்த இடத்தில் முண்டர் முடிச்சில் (காரபைனரில் போடும் உராய்வு முடிச்சு), உங்கள் சொந்தக் கயிற்றில், ஆளை நீங்களே இறக்குங்கள். களைத்துப்போனவரைத் தானாக இறங்கச் சொல்வதைவிட இதுவே வேகமானது.

சுவரின் அடியை எட்டியதும் எல்லோரும் வேலை முடிந்ததாக நினைப்பார்கள். மறுபடி பனியாற்றுக் கயிற்றைக் கட்டுங்கள். காலையில் கடினமாக இருந்த பனிப்பாலம் இப்போது இளகியிருக்கும்.

நோயும் இறக்கமும்

ஒருவர் குடித்தவர்போலத் தள்ளாடினால், பனியில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டிவைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மூளை வீங்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டெக்ஸாமெத்தசோன் முதலில் 8 மி.கி., பிறகு ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை 4 மி.கி., கூடவே ஆக்சிஜன், உடனே இறக்கம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் ஈரமாக ஒலித்தால் அது நுரையீரலில் நீர். ஆக்சிஜன், மெதுவாக வெளியேறும் நிஃபெடிபின் 30 மி.கி. பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை. அவரை நடக்கவிடாமல் சுமந்தோ குதிரையிலோ இறக்குவது நல்லது, உழைப்பும் குளிரும் நிலைமையை மோசமாக்கும். இந்த மருந்துகளை மலைமருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் கற்றுக்கொண்ட பிறகே பையில் வையுங்கள். எதைக் கொடுத்தாலும் 500 முதல் 1,000 மீட்டர் இறக்கம்தான் உண்மையான சிகிச்சை, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டிங்போச்சேக்கு அருகேயுள்ள ஃபெரிச்சேயில் ஏறுபருவங்களில் மருத்துவ நிலையம் இயங்குகிறது. ஹெலிகாப்டர் வேண்டும் என்றால் காலையில் கேளுங்கள், பிற்பகலில் மேகம் பள்ளத்தாக்கை மூடிவிடும்.

சுமைதூக்குபவர்களுக்கும் இதே நான்கு கேள்விகளை நீங்கள்தான் தினமும் கேட்கவேண்டும். வேலை போய்விடும் என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். சுமை 30 கிலோவுக்கு மேல் வேண்டாம், காலணி, கண்ணாடி, கதகதப்புச் சட்டை, காப்பீடு அவர்களுக்கும் உண்டா என்று லுக்லாவிலேயே பாருங்கள். நோயுற்ற சுமைதூக்கியைத் தனியாகக் கீழே அனுப்பாதீர்கள். அவர் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போகவேண்டும், கையில் பணமும் கொடுத்து.

முகாமுக்குத் திரும்பியதும் ஆளுக்கு ஒரு குவளை உப்புப் போட்ட சூப் கொடுத்து, எல்லோரின் கால்விரல்களையும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கயிற்றை மீட்டர் மீட்டராகக் கையில் ஓடவிட்டு, தட்டையாகவோ கட்டியாகவோ படும் இடத்தைத் தேடி, நிழலில் விரித்துக் காயவையுங்கள். கிராம்பான் கிழித்த தடம் இருந்தால் அந்த இடத்தில் அன்றே வெட்டிவிடுங்கள். சந்தேகமான கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தால் அடுத்த குழுவை அழைத்துப்போகிற உதவி வழிகாட்டி அதை நல்லது என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.